நான் டைப் அடிக்காமல் விட்ட ஒரு சொல்

போன வாரம் நஸ்ரீன் போன் செய்தாள். ராமநாதபுரத்தில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெண்கள் சங்க அலுவலகத்தில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பிள்ளை அவள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு அறிக்கையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தாளாம்.

“அக்கா, ‘வாய்ஸ்லெஸ் விமன்’னு ஒரு இடத்துல வருது. கம்ப்யூட்டர் ‘குரலற்ற பெண்கள்’னு குடுக்குது. அப்படியே போட்டுரவா?”

நான் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி சட்னிக் கிண்ணத்தில் விழுந்தது. அந்தப் பக்கம் அவள் பயந்துபோய், “என்னக்கா, அழுவுறீங்களா?” என்றாள். இல்லையடி என்று சொல்வதற்கே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அவளுக்கு முத்துராக்குவின் கதையைச் சொன்னேன். கேட்டு முடித்ததும், “இத எழுதிக் குடுங்க. இல்லாட்டி நான் ‘குரலற்ற’ன்னே போட்டுருவேன்” என்று மிரட்டினாள். அந்த மிரட்டலுக்குப் பயந்துதான் எழுதுகிறேன்.

எழுபத்து நாலில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தேன். ஒரு வக்கீல் ஆபீஸ், ஒரு ஜவுளிக்கடை, பிறகு சங்கம். படித்த கதையும் வேலை தேடிய கதையும் அவ்வளவுதான். சங்கம் என்றால் ஒரு மாடியில் இரண்டு அறை, ஒரு டைப்ரைட்டர், ஒரு சைக்கிள், அப்புறம் எங்கள் செயலாளர் ஞானம் டீச்சர். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்தவர். ரேஷன் கார்டு, குடிநீர், நிலப் பட்டா என்று கிராமத்துப் பெண்கள் எதைக் கொண்டுவந்தாலும் மனு எழுதிக் கொடுப்போம். உலகம் முழுக்கப் பெண்கள் சங்கங்கள் ஒன்றுக்கொன்று கடிதம் எழுத ஆரம்பித்திருந்த காலம் அது. எங்கள் மாடிக்கும் விதவிதமான தபால்தலைகள் வந்தன. தபால்தலைக்குப் பின்னாலேயே ஆட்களும் வந்தார்கள்.

முதலில் வந்தவர் வயதான ஒரு வெள்ளைக்கார அம்மா. மதுரையிலிருந்து வரவேண்டிய மொழிபெயர்ப்பாளர் பரமக்குடியில் பஸ் பழுதாகி உட்கார்ந்துவிட்டார். டீச்சர் என்னைப் பார்த்தார்.

“சரசு, நீதான் தினமும் இங்கிலீஷ் அடிக்கிறியே. இன்னைக்கு வாயால அடி.”

கடலாடிக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்குப் போனோம். ஊர்ப் பெயரைப் புளியேந்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிளகாயும் மானாவாரி நெல்லும் போடுகிற ஊர். பள்ளிக்கூடக் கொட்டகையில் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள், வெள்ளைக்கார அம்மா எதிரே நாற்காலியில். மழை பொய்த்த வருடத்தைப் பற்றி ஒருத்தி சொல்ல, நான் எப்படியோ இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். அந்த அம்மா கண் கலங்கி, “ஐ ஆம் வெரி மூவ்டு” என்றார். மூவ் என்றால் நகர்வது என்பது மட்டும் தெரியும்.

“அவங்க ரொம்ப நகர்ந்துட்டாங்களாம்” என்றேன்.

பெண்கள் நாற்காலியைப் பார்த்தார்கள். அது வைத்த இடத்தில்தான் இருந்தது. கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்து கொஞ்ச நாளே ஆகியிருந்த ஒரு பெண், தான் உட்கார்ந்திருந்த பாயில் சற்றுத் தள்ளி இடம் விட்டு, கையால் தட்டிக் காட்டினாள்.

“எதுக்கு அம்புட்டுத் தூரம் நகந்தாக? இங்கன வந்து உக்காரச் சொல்லுங்க.”

அதையும் சொன்னேன். வெள்ளைக்கார அம்மா நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் போய் உட்கார்ந்தார். அதன் பிறகு என்னை யாரும் தேடவில்லை, கையாலேயே பேசிக்கொண்டார்கள். பாயைத் தட்டிய பெண்ணின் பெயர் முத்துராக்கு. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. அன்றிலிருந்து எனக்கு அவள் வைத்த பெயர் டைப்பம்மா.

திரும்பும் வழியில் டீச்சர் எனக்கு உண்மையான அர்த்தத்தைச் சொன்னார்: மனம் நெகிழ்ந்துவிட்டது. ஜீப்பிலிருந்து குதித்துவிடலாமா என்று இருந்தது. அவர் திட்டவில்லை. மறுநாள் ஒரு தாளில் நான்கு விதி எழுதி டைப்ரைட்டருக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டார். பேசுகிறவர் ‘நான்’ என்றால் நீயும் ‘நான்’ என்றே சொல். அவர்களுக்கு அரை அடி பின்னால் நில், உன் முகம் யாருக்கும் தேவையில்லை. கிண்டல் செய்தால் கிண்டலையும் சொல். ஒரு சொல்லைக் கூட்டாதே, குறைக்காதே.

மூன்றாவது விதியைத்தான் எல்லோரும் அதிசயமாகப் பார்ப்பார்கள். டீச்சர் சொல்வார்: “நம்ம பொம்பளைங்க கிண்டல் பண்ணத் தெரியாதவங்கன்னு வர்றவங்க நெனச்சுட்டா, அதுக்கப்புறம் பரிதாபம் மட்டும்தான் மிஞ்சும். அத வச்சு என்ன பண்றது?”

டீச்சருடைய இன்னொரு வியாதியையும் சொல்லவேண்டும். அவருக்குப் ‘பட்ட’ பிடிக்காது. பாதிக்கப்பட்ட, ஒடுக்கப்பட்ட, கைவிடப்பட்ட என்று நான் அடித்துக்கொண்டு போனால், சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு ‘பட்ட’வையும் சுழித்து ஓரத்தில் ‘யாரு?’ என்று எழுதுவார்.

“பாதிக்கப்பட்டாங்கன்னா யாரு பாதிச்சது? மழையா, மாமனாரா, மந்திரியா? ஆளச் சொல்லு. பட்ட, பட்டன்னு எழுதிக்கிட்டே இருந்தா நிக்கிற மரமும் பட்டுப்போகும்.”

ஒரு முறை ஒரே பக்கத்தில் அத்தனை சுழி, அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. அடுத்த அறிக்கையில் நான் பயந்துபோய் நிலப் பட்டாவைக்கூட ‘நிலத்துக் காகிதம்’ என்று அடித்துவிட்டேன். டீச்சர் அதைப் படித்துவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இனி அந்த நான்காவது விதிக்கு வருகிறேன். என் வேலைக்காலம் முழுவதிலும் அதை ஒரே ஒரு தடவைதான் மீறினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் புளியேந்தலுக்குப் பக்கத்தில் ஒரு இறால் பண்ணை வந்தது. கடல் தண்ணீரை இறைத்துத் தொட்டிகளில் விட்டு இறால் வளர்ப்பார்கள், அழுக்கான தண்ணீரை ஒரு வாய்க்கால் வெட்டி வெளியே விடுவார்கள். அந்த வாய்க்காலை ஊரணிக்கு ஒட்டினாற்போல வெட்டிவிட்டார்கள். ஊருக்கே குடிதண்ணீர் அந்த ஒரே ஊரணிதான். ஒரு வருடத்தில் அது உப்பாகிவிட்டது. பெண்கள் இரண்டு மைல் நடந்து அடுத்த ஊர் கிணற்றில் ஏச்சு வாங்கிக்கொண்டு தண்ணீர் எடுத்தார்கள். நாங்கள் எழுதிய மனுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஏறி நின்று பரண் எட்டலாம்.

முத்துராக்குவின் மகள் அப்போது தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள், மூன்றாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் அல்லவா? மகளின் மாமியார் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்: “உப்புத் தண்ணி ஊருக்கு எம் பிள்ளத்தாச்சிய அனுப்ப மாட்டேன்.” அன்று சங்கத்து மாடிப்படியில் உட்கார்ந்து முத்துராக்கு அழுததைப் பார்த்தேன். வாய்க்கு வாய் பேசுகிறவள் சத்தமே இல்லாமல் அழுதாள். ஐப்பசி மழைக்கு முன் அந்த வாய்க்கால் திரும்பவேண்டும். திரும்பாவிட்டால் புதிதாக நிறைகிற தண்ணீரும் கெட்டுவிடும், மார்கழியில் மகள் வர முடியாது.

அந்த இறாலை வாங்கியது வடக்கே ஒரு குளிர்தேசத்துக் கடை. அதே தேசத்திலிருந்து ஒரு பெரிய தொண்டு நிறுவனம் எங்களுக்குக் கடிதம் போட்டது. அதன் பெண்கள் பிரிவைப் பார்க்கும் காரின் என்பவர் ஆனி மாதத்தில் நேரில் வருவார், ஒரே நாள் இருப்பார், படமும் அறிக்கையும் கொண்டுபோய் அங்கே பரப்புவார். கடிதத்தின் கடைசியில் ஒரு வேண்டுகோள்: நான் வரும்போது பெண்கள் வெறுங்குடங்களுடன் ஊர் எல்லையில் வரிசையாக நிற்கட்டும்.

அதை ஊருக்குத் தமிழில் அடித்து அனுப்புவது என் வேலை. ‘வெ’ என்று அடிக்கப் போன விரல் அப்படியே நின்றது. எங்கள் பக்கம் வாசல் இறங்கும்போது வெறுங்குடம் எதிரே வந்தால், திரும்ப வீட்டுக்குள் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவோம். விருந்தாளிக்கு எதிரே வெறுங்குடத்தோடு நில்லுங்கள் என்று நான் எப்படி அடிப்பேன்? ‘குடங்களுடன் நிற்கவும்’ என்று அடித்துவிட்டேன். டீச்சர் வழக்கம்போல் ‘பட்ட’ இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

காரின் வந்தார். உயரமான பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், வெயிலில் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தார். ஜீப் ஊர் எல்லையில் திரும்பியதும் குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. இருபது இருபத்தைந்து பெண்கள், தேய்த்துப் பளபளக்கும் பித்தளைக் குடம், எவர்சில்வர் குடம். அத்தனையும் விளிம்பு வரை தண்ணீர். மேலே வேப்பிலைக் கொத்து. முத்துராக்கு முன்னால் நின்றாள்.

கேமராவைத் தூக்கிய காரின் அதை அப்படியே இறக்கினார். “தண்ணீர் இல்லாத ஊர் என்றீர்களே?” என்றார். அவர் குரலில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. “இந்தப் படத்தைப் பார்த்தால் திருவிழா என்பார்கள். கொட்டிவிடச் சொல்லுங்கள்.”

நான் சொன்னேன். சொல்லாமல் எங்கே போவது?

“கொட்டுறதா?” என்றாள் முத்துராக்கு. “விருந்தாளிக்கு எதுக்க வெறுங்குடமா? நாங்க என்ன அவுகள எழவுக்கா கூப்பிட்டுருக்கோம்?”

அதையும் சொன்னேன். டீச்சர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். “சரசு, அந்தக் கடுதாசியில என்ன அடிச்ச?” நான் வேப்பிலையைப் பார்த்தேன். காரின் மறுபடியும் கேட்டார், ஒரே ஒரு படத்துக்காவது கொட்டினால் என்ன என்று.

முத்துராக்கு தன் குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீரைச் சாய்த்து நீட்டினாள். “மொதல்ல வந்த களைப்புக்குக் குடிக்கச் சொல்லுங்க.”

பாவம், நல்ல தாகம். காரின் ஒரே மூச்சில் பாதிச் சொம்பை வாய்க்குள் விட்டார். அடுத்த நொடி அது என் சேலையிலும் டீச்சர் கைப்பையிலும் கேமரா மேலும் இருந்தது. அவர் இருமின இருமலில் குலவை நின்றுபோனது.

“இதான் எங்க ஊரணித் தண்ணி” என்றாள் முத்துராக்கு. “கோவிச்சுக்கிறாதிய தாயி. நல்ல தண்ணிய ரெண்டு மைல் சொமந்தாறோம். போட்டாவுக்கு நிக்க அதயா ஊத்துவோம்?”

பின்வரிசையில் ஒருத்தி ‘களுக்’ என்றாள். அவ்வளவுதான். இருபத்தைந்து குடமும் குலுங்கி வழிய ஆரம்பித்தது. காரின் வாயைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார், குடங்களைப் பார்த்தார், பிறகு அவரும் சிரித்தார். சிரித்துச் சிரித்து ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே இருந்து நல்ல தண்ணீர் வந்தது. அதைக் குடித்துவிட்டு, நிறைகுடங்களையே படம் எடுத்தார்.

அடுத்து சத்துணவுக் கூடம். காரின் ஒரு தாளை எடுத்தார். அவருடைய நிறுவனம் அங்கிருந்தே டைப் அடித்துக் கொடுத்து அனுப்பிய அறிக்கை. நான் படித்துச் சொல்லவேண்டும், பெண்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கவேண்டும். முதல் வரி, “வீ, த வாய்ஸ்லெஸ் விமன்”. ஒரு சொல்லைக் கூட்டாதே, குறைக்காதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு ஆரம்பித்தேன்.

“வாயில்லாத பெண்களாகிய நாங்கள்...”

“யாருக்கு வாயில்ல?” என்றாள் முத்துராக்கு.

“நமக்குத்தான்.”

“எனக்கா? எனக்கு வாயில்லன்னு எங்க மாமியாகிட்ட போயிச் சொல்லுங்க பாப்போம். இருபது வருசக் கூத்த அது எடுத்து விடும்.”

மாமியார் மூன்றாவது வரிசையிலேயே இருந்தாள். “வாயில்லாம இருந்தாத்தான் எங்குடும்பம் உருப்பட்டுருக்குமே!” என்று அங்கிருந்தே கத்தினாள். கூடமே இடிந்து விழும்போல் சிரிப்பு. எனக்கு மொழிபெயர்க்கவே முடியவில்லை. கண்ணீர் வழிய வழிய மூன்றாவது விதிப்படி எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். காரினின் முகம் மறுபடியும் சிவந்தது, இந்தத் தடவை வெயிலால் அல்ல.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. தாளை வாங்கி முழுவதும் படித்தார். “நம்மளப் பாக்குறதுக்கு முன்னாடியே நமக்கு வாயில்லன்னு அங்கன உக்காந்து அடிச்சிருக்காங்க. பழைய துரைமாரும் இப்படித்தான், நமக்கு என்ன வேணும்னு கப்பல்லயே எழுதிக்கிட்டு வருவாங்க” என்றார். இதையும் சொல்லு என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். சொன்னேன். இந்தப் பெண் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டால் வாய்க்காலும் போச்சு, மார்கழியும் போச்சு.

காரின் அந்தத் தாளை டீச்சர் கையிலிருந்து வாங்கித் தரையில் போட்டார். பிறகு பேனாவை எடுத்து, “நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன்” என்றார்.

அந்தத் தாளில் பண்ணையை மூடவேண்டும் என்றுதான் இருந்தது. முத்துராக்கு அதையும் வேண்டாம் என்றாள்.

“அதுல எங்க ஊர் ஆளுகளும் வேல பாக்குறாக. மூடுறது தொறக்குறது பெறவு பேசுவோம். மழைக்கு முன்ன வாய்க்கா தெக்க திரும்பணும். எம் மக மார்கழியில பெத்தாகணும், அது யாருக்காவும் காத்துக்கிட்டு நிக்காது. இப்படி எழுதுங்க: பண்ணைக்காரரு வாய்க்கா வெட்டுனாரு. எங்க ஊரணி உப்பாப் போச்சு. அவருதான் திருப்பணும். ஊரணியத் தூர்வாரி நாங்க சுத்தம் பண்ணிக்கிருவோம்.”

ஒரு ‘பட்ட’ கூட இல்லை. டீச்சருக்கு மூக்கு விடைத்தது பெருமையில்.

கைநாட்டு முடிந்து, கறுப்புக்காப்பி வந்தது. பெண்கள் காரினைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். பிள்ளை உண்டா, மாமியார் கூடவா, உங்கள் ஆபீசில் பெரியவர் யார். பெரியவர் ஒரு ஆண் என்றார் காரின். அதற்கு முன்னால்? அதுவும் ஆண். அதற்கும் முன்னால்? காரின் உதட்டைப் பிதுக்கினார். பெரிய கூட்டங்களில் அவர் எழுதிக் கொடுப்பதை அந்த ஆண்கள்தான் மேடையில் படிப்பார்களாம்.

கூடத்தில் ஒரே உச்சுக்கொட்டல். “அடப் பாவமே! இம்புட்டுப் படிச்சும் பேச விட மாட்டாகளா?”

முத்துராக்கு தரையில் கிடந்த பழைய தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். “டைப்பம்மா, இத வீணாக்காதிய. எங்க பேர அழிச்சிட்டு அந்தம்மா பேரப் போடுங்க. வாயில்லாத பொம்பள இங்கனதான இருக்கு? அவுக ஆபீசுக்கு நாங்க மனு அனுப்புறோம். காரினம்மாவத்தான் பேச விடணும்னு.”

நான் சொல்லி முடித்ததும் காரின் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு சொன்னார். அன்றே அந்த மனுவைத் தமிழில் எழுதி, இங்கிலீஷில் நான் கீழே சேர்த்து, எல்லோரும் கைநாட்டு வைத்து அவரிடமே கொடுத்து அனுப்பினோம். உலகத்துப் பெண்கள் எல்லாம் ஒன்று என்று எத்தனையோ கூட்டங்களில் மொழிபெயர்த்திருக்கிறேன். நான் அதை நம்பியது அன்றைக்குத்தான்.

அவர் ஊரில் அந்தப் படம் வெளிவந்தது. பளபளக்கும் குடங்கள், வேப்பிலை, முத்துராக்குவின் பல்வரிசை. கீழே இரண்டே வரி: ‘இது உப்புத் தண்ணீர். நான் குடித்தேன். காரின்.’ இறால் வாங்க வந்தவர்கள் கடையில் நின்று கேள்வி கேட்டார்களாம். கடைக்காரர்கள் பண்ணைக்கு எழுதினார்கள். எங்கள் மனுக்கள் சாதிக்காததை அந்த இரண்டு வரி சாதித்தது. புரட்டாசியில் மண் வெட்டும் எந்திரம் வந்து வாய்க்காலைத் தெற்கே திருப்பியது. பெண்கள் உப்புத் தண்ணீரை இறைத்துக் கொட்டி, சேற்றை அள்ளிப்போட்டு, ஊரணியைப் பெருக்காத குறையாகத் துடைத்தார்கள். நானும் டீச்சரும் ஒரு நாள் போய்ச் சேறு சுமந்தோம். எனக்கு இடுப்பு பிடித்தது, டீச்சருக்குச் செருப்பு தொலைந்தது. ஐப்பசி அந்த வருடம் ஏமாற்றவில்லை.

முதலில் லேசாகக் கரித்தது. கார்த்திகைக் கடைசியில் மகளின் மாமியாரே வந்து ஒரு சொம்பு குடித்துப் பார்த்து, “ம்” என்றாள். மார்கழியில் பெண் குழந்தை. காரின் பெயரை வைப்பீர்களா என்று கேட்டேன். “குலசாமி பேரு இருக்கையில எதுக்கு டைப்பம்மா வம்பு?” என்றாள் முத்துராக்கு. குழந்தை ராக்காயி ஆனாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் நான் ஓய்வு பெறுகிற மாதம், காரின் மறுபடி வந்தார். தலைமுடி நரைத்திருந்தது. அந்த நிறுவனத்துக்கே அவர்தான் தலைவர் அப்போது. எங்கள் மனுதான் காரணமா என்று கேட்டேன். “அதைச் சட்டம் போட்டு என் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன், பழைய தலைவர் உள்ளே வரும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்” என்று மட்டும் சொன்னார். புளியேந்தலுக்குப் போகும் வழியில் ஜீப்பில் என் முதல் நாள் கூத்தையும் அவருக்குச் சொன்னேன்.

ஊர் எல்லையில் அதே வரிசை, அதே குலவை, முன்னால் இடுப்பில் குடத்தோடு ராக்காயி. சொம்பை அவள்தான் நீட்டினாள். காரின் சொம்பை வாங்கியதும் கூட்டம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் முதலில் உதட்டை மட்டும் நனைத்தார். பிறகு கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

சத்துணவுக் கூடத்தில் அவருக்காக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். காரின் அதில் உட்காரவில்லை. பேச வேண்டும் என்று நின்றபடியே என்னைப் பார்த்தார். நான் அரை அடி பின்னால் தயாராக இருந்தேன். அவர் இங்கிலீஷில் பேசவில்லை. ஜீப்பில் மனப்பாடம் செய்திருக்கிறார் போல.

“நான்... ரொம்ப... நகந்துட்டேன்.”

முத்துராக்கு முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாயில் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். பக்கத்தில் கையால் தட்டினாள்.

“அதான பாத்தேன். வா, இங்கன வந்து உக்காரு.”